கூண்டு ஏற்றாத கம்பம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நான் சுகம். இருமல் போய்விட்டது. நீ கொடுத்தனுப்பிய கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறேன், ஆகவே அதைப் பற்றிக் கேட்காதே. உன் முழங்கால் வலி எப்படி? அத்தான், சின்னது, தோணி மூவரும் சுகம்தானே? தோணியை விசாரிக்க மறந்தால் அத்தானுக்குக் கோபம் வந்துவிடும்.

ஒரு சேதி. என்னை வானிலை அலுவலகத்திலிருந்து ராணுவத் தலைமையகத்துக்கு மாற்றிவிட்டார்கள். தற்காலிகமாகத்தான் என்கிறார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் நாற்காலிகூட என்றைக்கோ தற்காலிகமாக வந்து இங்கேயே துருப்பிடித்துப்போனதுதான். வேலை செய்யும் இடம் தரைக்குக் கீழே. வானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவனை ஜன்னலே இல்லாத அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வெளியே மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் படியேறிப் போய் வாசல் காவலரின் தொப்பி நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வேலை என்னவோ பழைய வேலைதான். பலூன் விடுகிறார்கள், எண்கள் வருகின்றன, வரைபடத்தில் கோடு போடுகிறேன். ஆனால் கோடுகளை இங்கே யாருக்கும் பார்க்கப் பொறுமையில்லை. சுவரில் ஒரு பலகை இருக்கிறது. விமானம், பீரங்கி வண்டி, படகு, காலாட்படை என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான் ஓர் அட்டையை மாட்ட வேண்டும். பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் கூடாது. மஞ்சளும் உண்டு, ஆனால் மஞ்சளைக் கண்டால் எங்கள் கர்னலுக்கு முகம் சுருங்கிவிடும். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மேகம் தாழ்ந்து வந்தால் விமானத்துக்குச் சிவப்பு. அதே மேகம் காலாட்படைக்குப் பச்சை, ஏனென்றால் மேலேயிருந்து யாரும் அவர்களைப் பார்க்க முடியாது. ஒரே மேகம்தான் அக்கா.

வேலை மாறினாலும் உங்களுக்கு எழுதுவது மாறாது. அத்தான் கடிதத்தில் எதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் தம்பி

பின்குறிப்பு: இந்த வாரம் உங்கள் பக்கம் தெற்குக் காற்று. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கொஞ்சம் கனக்கும். சனிக்கிழமை அடங்கிவிடும். அதற்குப் பிறகு சரக்கு ஏற்றலாம்.


மார்ச் 14

என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, பாய்மரத் துணியைத் தரையில் விரித்துப்போட்டு உட்கார்ந்து தைக்கிறவளுக்கு முழங்கால் வலிக்காமல் மூக்கா வலிக்கும்? நீ நேரத்துக்குச் சாப்பிடு. ராணுவத்துச் சமையல் எப்படி என்று எழுதவில்லையே.

உன் கடிதத்தைச் சின்னதுதான் உரக்கப் படித்தாள். உன் அத்தான் வழக்கம்போல நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும், கடைசிய படி" என்றார். பின்குறிப்பைக் கேட்டதும், குடை இப்போது கர்னலுக்கும் மழை சொல்லுதா என்று சிரித்தார். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் மழை வரும் வரும் என்று பட்டை வெயிலில் வாரம் முழுக்கக் குடையோடு திரிந்தாய் பார், அதை அவர் சாகும்வரை விடப்போவதில்லை. ஆனால் இன்னொன்றும் சொல்கிறேன். நீ சொன்னபடி சனிக்கிழமைவரை சரக்கை ஏற்றாமல் ஓடுகளைக் கரையிலேயே அடுக்கி வைத்திருந்தார். தோணி மாலுமிகள் இருவரும் முணுமுணுத்தார்கள், அவர் காது கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காற்றடித்ததும் மீசையை நீவிக்கொண்டு துறைமுகம் முழுக்க ஒரு சுற்று வந்தார். தானே சொன்ன மாதிரி.

போர் வரும் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். எழுத முடிந்தால் எழுது.

உன் அக்கா

அத்தான் சொல்லச் சொல்ல எழுதியது: காற்று நீ சொன்னதற்கு அரை நாள் முன்பே வந்துவிட்டது. குடை கொஞ்சம் வேகமாக நடக்கப் பழகவும்.


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். எனக்கு ஒரு குறையுமில்லை. சமையல் பரவாயில்லை, உப்பை மட்டும் யாரோ கோபத்தில் போடுகிறார்கள். சின்னதின் பரீட்சை முடிந்ததா?

போன வாரம் ஒத்திகை நடந்தது. ஆற்றில் படகுகளை இறக்கி அக்கரைக்கு ஆட்களைக் கொண்டுபோவது. கர்னல் முந்தின நாள் என் மேசைக்கு வந்து நாளைக்கு எப்படி என்று கேட்டார். மழைக்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்றேன்.

"அறுபதுன்னா என்ன தம்பி? பெய்யுமா, பெய்யாதா?"

இதே மாதிரி வானம் பத்து நாள் இருந்தால் அதில் ஆறு நாள் பெய்யும் என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"எனக்கு நாளைக்குன்னு ஒரு நாள்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் மஞ்சளை மாட்டினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அங்கே பச்சை தொங்குகிறது. யார் மாற்றினார்கள் என்று தெரியவில்லை. மறுநாள் மழை வரவில்லை. பச்சை காட்டியதற்காக எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார்கள். நான் மாட்டாத பச்சைக்கு நான் கைகுலுக்கல் வாங்கிக்கொண்டு நின்றேன். இப்போது மஞ்சள் அட்டைகள் பலகைப் பக்கமே இல்லை. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

கர்னல் கெட்டவர் இல்லை அக்கா. அவருடைய தகப்பனாரும் படகுக்காரர்தானாம். தேநீர் குடிக்கும்போது ஒருநாள் சொன்னார்: "சண்டைன்னு வந்துட்டா வானிலையும் வெடிமருந்து மாதிரிதான். பூட்டித்தான் வைக்கணும். நாம ரேடியோல சொல்றத அவனும் கேப்பான்ல." அப்படியானால் கடலுக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்துபோய்விட்டார்.

அத்தானிடம் சொல், குடை இப்போது ஓட்டமே பிடித்துக்கொண்டிருக்கிறது.

உன் தம்பி

பின்குறிப்பு: அடுத்த பத்து நாளும் வெயில்தான். கடலில் ஒரு தொந்தரவும் இல்லை.


மே 21

தம்பிக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இரண்டு வரி எழுதினால் போதும், பக்கம் பக்கமாக வேண்டாம். போர் அறிவித்த நாளிலிருந்து உன் நினைவாகவே இருக்கிறது.

உன் போன கடிதம் பிரித்து மறுபடி ஒட்டி வந்தது. பசைகூடச் சரியாகக் காயவில்லை. கடைசியில் பின்குறிப்பு இருக்க வேண்டிய இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்கள். உன் அத்தான் அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "இன்னைக்கு நல்லாத் தெரியுது" என்றார். நான்தான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

ரேடியோவில் வானிலை நின்றுவிட்டது. அந்த நேரத்துக்கு இப்போது வாத்திய இசை போடுகிறார்கள். சின்னது அதற்கு நடை போட்டுக் காட்டுகிறாள். அதைவிடப் பெரிய விஷயம், துறைமுகக் கம்பத்திலிருந்து புயல் கூண்டுகளை இறக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூண்டு ஏற்றினால் பார்க்கிறவன் எல்லோருக்கும் தெரிந்துவிடுமாம். கூண்டுக்காரர் உனக்கு நினைவிருக்கிறாரா, ஒரு காது கேட்காதவர்? அவர் இன்னமும் தினமும் வந்து கம்பத்தின் கயிற்றுக்கும் கப்பிக்கும் எண்ணெய் போட்டுவிட்டுப் போகிறார். ஏன் என்று கேட்டால், "மேல ஏத்தச் சொன்னா கயிறு சிக்கக் கூடாதுல்ல" என்கிறார்.

உன் அத்தான் கண்ணால் பார்த்துத்தான் போய்வருகிறார். அப்பாவும் தாத்தாவும் அப்படித்தானே போனார்கள் என்கிறார். அவர் திரும்பும்வரை நான் கரையிலேயே நிற்கிறேன். நீ ஒன்றும் எழுத முடியாதா?

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும், இப்போது அதைத் தவிர வேறெதையும் நான் நினைப்பதில்லை.

பின்குறிப்புக்காக என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். இன்னொரு தடவை எழுதினால் என்ன ஆகும் என்பதையும் மரியாதையாகவே சொன்னார்கள். நான் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தையும் ஓர் அதிகாரி படிக்கிறார். இதையும் படித்துக்கொண்டிருப்பார். ஐயா, வணக்கம்.

நீ கேட்டதை நானும் மேலே கேட்டுவிட்டேன். ஒரு தடவை இல்லை. கிடைத்த பதிலை எழுத முடியாது, எழுதும்படியாக அதில் ஒன்றுமில்லை. நாள் முழுக்க வானத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் அக்கா, சொந்த வீட்டுக்கு ஒரு வரி சொல்ல முடியவில்லை. வாயைத் தைத்துப்போட்ட மாதிரி இருக்கிறது.

அத்தானிடம் ஒன்று கேட்டுப் பார். தோணிக்குத் தார் பூசி நாளாகிவிட்டது என்று போன வருஷமே சொன்னார். இந்த வருஷக் கடைசிவரை கரையில் ஏற்றி வைத்து நிதானமாகப் பார்க்கலாமே. வேறு காரணம் எதுவும் இல்லை. தார் நல்லது என்பதால் சொல்கிறேன்.

இரண்டு நாளாக ஜலதோஷம். பயப்பட ஒன்றுமில்லை.

உன் தம்பி


ஜூலை 16

தம்பிக்கு,

ஜலதோஷம் போய்விட்டதா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஏனென்றால் உன் ஜலதோஷம் இங்கே படுத்திய பாட்டைச் சொன்னால் நம்ப மாட்டாய்.

நீ வானிலையில் இருப்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். உன் கடிதம் வந்தால் போதும், படகுக்காரர்கள் பாய் தைக்கக் கொடுப்பதுபோல வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறான், எப்படி எழுதியிருக்கிறான் என்று ஒரே குடைச்சல். தாரைப் பற்றிப் படித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜலதோஷம் என்று சின்னது வாசித்ததும், "அப்போ மழைதான். ரெண்டு நாள்னு கணக்கும் போட்டுட்டாரு பாரு" என்று ஒருவர் எழுந்துவிட்டார். அவ்வளவுதான். பாதித் துறைமுகம் கடலுக்குப் போகவில்லை. அந்த இரண்டு நாளும் அடித்த வெயிலில் கருவாடு காய்ந்த மாதிரி நாங்கள் காய்ந்தோம். போனவர்கள் படகு நிறைய மீனோடு திரும்பினார்கள். போகாதவர்கள் என் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் தும்மிக்காட்டுகிறார்கள்.

உன் அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, "என் மச்சான் ஜலதோஷம்னு எழுதுனா அவனுக்கு மூக்கு ஒழுகுதுன்னுதான் அர்த்தம். இனிமே எழுதுனத எழுதுனபடிதான் படிக்கணும்" என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆகவே நீ மனதில் எதையும் வைத்துக்கொண்டு சுற்றி வளைத்து எழுதாதே. எங்களுக்கு அந்தப் படிப்பு வராது.

தாரும் பூசியாகிவிட்டது, ஒரே வாரத்தில். தோணி மறுபடி தண்ணீரில் நிற்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

என் ஜலதோஷத்தைப் பாதித் துறைமுகம் விசாரித்தது என்று அறிந்து மிகவும் சந்தோஷம். இப்போது பூரண சுகம். நீயும் சின்னதும் அத்தானும் சுகம்தானே?

உன் கடிதத்தைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அத்தான் சொன்னது நியாயம்தான். எழுதியதை எழுதியபடி படிப்பது நல்ல பழக்கம்.

இத்துடன் ஒரு ரயில் பாஸ் வைத்திருக்கிறேன். தலைமையகத்தில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு இலவசம். ஏறினால் மறுநாள் காலை இங்கே இறங்கிவிடலாம். எப்போது வேண்டுமானாலும் வரலாம். என் அறையில் ஒரு கட்டில்தான், ஆனால் இடம் நிறைய இருக்கிறது. அத்தான் ஒரு தடவைகூட இங்கே வந்ததில்லை. வரச் சொல்லேன். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகட்டும். தோணி எங்கேயும் ஓடிவிடாது.

வேலை அதிகம். கடலில் கப்பல்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டுவிட்டன, அவை எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். அதனால் எனக்கு வர வேண்டிய எண்கள் வருவதில்லை. இதற்கு மேல் எழுதினால் ஐயா கத்தரிக்கோலை எடுப்பார்.

உன் தம்பி


தந்தி
செப்டம்பர் 18

நெஞ்சு வலி. தனியாக இருக்கிறேன். அத்தான் உடனே ரயிலில் புறப்பட்டு வரவும். தம்பி


தந்தி
செப்டம்பர் 19, காலை

ரயில் எதுவும் இல்லை. வானம் சுத்தம். தோணியில் புறப்படுகிறேன். நாளை மறுநாள் அங்கே இருப்பேன். பயப்படாதே. அத்தான்


தந்தி
செப்டம்பர் 19, பகல்

குணமாகிவிட்டது. அத்தான் வர வேண்டாம். தோணியை எடுக்க வேண்டாம். வர வேண்டாம். தம்பி


செப்டம்பர் 24

என் தம்பிக்கு,

உடம்பு தேறிவிட்டது என்ற உன் தந்தி இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. ராணுவத் தந்திகள் எல்லாம் போன பிறகுதான் மற்றவற்றை அனுப்பினார்களாம், தபால்காரர் சொன்னார். எப்படியோ, நீ பிழைத்தாயே, அது போதும். முதல் தந்தி வந்ததும் ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். உன் அத்தான்தான் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

பாஸை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குத்தான் முதலில் போனார். பொதுமக்களுக்கு மூன்று நாளைக்கு ரயில் கிடையாது என்று எழுதிப்போட்டிருந்ததாம். வண்டி வண்டியாகப் பட்டாளம் போய்க்கொண்டிருந்ததாம். காத்திருக்கலாம் என்றேன். "அங்க தனியா கெடக்கான். மூணு நாள் எப்படிக் காத்திருக்க?" என்றார். வானமும் துடைத்து வைத்த மாதிரிதான் இருந்தது. மாலுமிகள் இருவரும் உடனே பாயைக் கட்டிவிட்டார்கள். உனக்கென்று ஒரு புதுக் குடை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டே ஏறினார். குடைக்குக் குடை என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

இங்கே இருபதாம் தேதி இரவிலிருந்து புயல். எங்கள் வீட்டு ஓடுகள் பாதி போய்விட்டன. அதை விடு. கடலுக்குப் போன படகுகளில் பல திரும்பவில்லை. கூண்டுக்காரர் கம்பத்தடியில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டார். யாராலும் அவரை எழுப்ப முடியவில்லை.

உன் அத்தான் கிளம்பி ஒரு நாளைக்கு மேல் ஆன பிறகுதான் காற்று எழுந்தது. நல்ல காற்று இருந்திருந்தால் அதற்குள் பாதிக்கு மேல் போயிருப்பார். எங்காவது கழிமுகத்தில் ஒதுங்கியிருந்து உன்னிடம் வந்து சேர்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். வந்ததும் ஒரு தந்தி அடிக்கச் சொல். நீயும் மறந்துவிடாதே. ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்க விடாதே.

கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கும்,
அக்கா


அக்டோபர் 12

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வராததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தாலும் தினமும் தபால்காரரைப் பார்த்து நின்றேன்.

வடக்கே ஒரு கரையில் பாய்த்துணி ஒதுங்கியிருக்கிறது என்று ஆள் வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். மூலையில் இரட்டைத் தையல் போட்டு உள்பக்கம் மடித்திருந்தது. அப்படி மடிப்பது நான் ஒருத்திதான். வேறு எதுவும் கிடைக்கவில்லை. மாலுமிகளின் பெண்டாட்டிகள் இரண்டு பேரும் கூட வந்திருந்தார்கள். மூவருமாக அந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். நனைந்த துணி எவ்வளவு கனம் என்று இத்தனை வருஷம் தைத்தும் எனக்குத் தெரியாது.

நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே. நோய் கேட்டுக்கொண்டா வருகிறது? உன் நெஞ்சை டாக்டரிடம் ஒழுங்காகக் காட்டு. எனக்கு இனி நீயும் சின்னதும்தான். முடிந்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

அக்கா


நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

விடுப்புக் கேட்டேன். போர் முடியும்வரை இந்த அறையிலிருந்து யாருக்கும் விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி கேட்டேன். கர்னல் என் தோளைத் தட்டிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார், கையெழுத்துப் போடவில்லை.

என் உடம்பைக் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சின்னதைப் பார்த்துக்கொள். ஓடு மாற்றினீர்களா? குளிர் வருகிறது. அந்தக் கம்பளியை உனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எழுத நிறைய இருக்கிறது. எழுத முடியவில்லை. ஐயாவுக்காக இல்லை அக்கா.

தம்பி


ஜனவரி 15

தம்பிக்கு,

நானும் சின்னதும் இருக்கிறோம். கம்பளி வந்தது.

போர் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். இந்தக் கடிதத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று தபால்காரர் சத்தியம் செய்கிறார். அதனால் மனதில் இருப்பதை எழுதுகிறேன்.

பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தார்கள். செப்டம்பரில் நம் படை எல்லை ஆற்றைக் கடந்த கதை. புயலின் விளிம்பு அந்தப் பக்கம் தொடும், மேகம் தாழ்ந்து இறங்கும், எதிரியின் விமானம் எழும்பாது என்று நம் வானிலை நிபுணர்கள் முன்கூட்டியே சொன்னார்களாம். அதை வைத்துத்தான் நாளைக் குறித்தார்களாம். மூன்று நாளில் எல்லா ரயிலையும் எடுத்து ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்களாம். வானம் நமக்குத் துணை நின்றது என்று தலைப்பு. கீழே ஒரு படம். இருபதாம் தேதி காலையில் எடுத்தது என்று போட்டிருந்தது. பலகைக்கு முன்னால், கையில் ஓர் அட்டையோடு நீ நிற்கிறாய். நெஞ்சு வலிக்காரன் நிற்கிற மாதிரி இல்லை.

நான் படித்தவள் இல்லை. ஆனால் கிழிந்த துணியை எங்கே சேர்த்தால் பொருந்தும் என்று தெரியும். புயல் வருவது உனக்குத் தெரிந்தது. சொல்ல விடவில்லை. எங்களுக்கு மறைபொருளும் படிக்கத் தெரியாது என்று நானே எழுதியிருந்தேன். அதனால் ஒரு பொய்யைச் சொல்லி அவரைக் கரையேற்றப் பார்த்தாய். ரயில் இருக்காது என்பது உனக்குத் தெரியாது. உன்னிடம் மேகத்தைக் கேட்டவர்கள் ரயிலைப் பற்றி உன்னிடம் ஏன் சொல்லப்போகிறார்கள்?

நீ முதலில் எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். விமானம், பீரங்கி வண்டி, படகு, காலாட்படை. படகு என்று எழுதியிருப்பது பட்டாளத்துப் படகை. உன் அத்தானின் தோணிக்கு அந்தப் பலகையில் இடம் இல்லை. கடலுக்குப் போன மற்றவர்களுக்கும் இல்லை.

உன்மேல் கோபப்படலாமா என்று பார்த்தேன். வரவில்லை. கர்னல்மேல், ரயில்காரர்கள்மேல், கத்தரிக்கோல் ஐயாமேல் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அவனவன் தன் வேலையைத்தான் செய்திருக்கிறான். கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் கிடைத்தால்கூட எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். மாலுமிகளின் வீடுகளில் நான் எதுவும் சொல்லவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர்கள் என்னிடம் விசாரிக்கும்போது தேவலை என்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

நேற்றுக் கூண்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கயிறு சிக்கவில்லை. ரேடியோவில் வானிலையும் வந்துவிட்டது, ஆனால் அது பெரிய துறைமுகங்களுக்குத்தான். மிச்சமிருக்கும் படகுக்காரர்கள் பழையபடி என் வாசலில் வந்து உட்கார்கிறார்கள். "உன் தம்பி இனிமே எழுதலாமே" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

எனக்கு நீ விளக்கம் எழுதாதே. மன்னிப்பும் கேட்காதே, என்னால் படிக்க முடியாது. அவர்களுக்கு வேண்டியதை மட்டும் எழுது.

அக்கா


ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் சின்னதும் சுகமாக இருக்க வேண்டும்.

தம்பி

பின்குறிப்பு: இந்த வாரம் உங்கள் பக்கம் வடகிழக்குக் காற்று, மெதுவாகத்தான். செவ்வாய், புதன் காலையில் கொஞ்சம் பனிமூட்டம் இருக்கும், வெயில் ஏறியதும் கலைந்துவிடும். சனிக்கிழமைவரை வானம் சுத்தம். அலை இல்லை. தோணி எடுக்கலாம்.